16 கோடி ஊசிக்கு முன்னால் ஒரு சி.பி.கே. டெஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் தசை நோய் பற்றி நம் பத்திரிகைகளில் பெரிதாகச் செய்தி வருவது, எங்காவது ஒரு கைக்குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்படும்போதுதான். 2021-இல் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்காக முகம் தெரியாத மக்களெல்லாம் பணம் போட்டதும், அந்த மருந்துக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். நல்ல காரியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்தச் செய்திகளை மட்டுமே படித்துப் படித்து, தசை நோய் என்றால் வைத்தியத்துக்குக் கோடி வேண்டும், கோடி இல்லாதவர்கள் விதியே என்று வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்ற எண்ணம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டி.எம்.டி. என்ற தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு பையனின் அப்பாவாகச் சொல்கிறேன், அந்த எண்ணம் தவறு. எங்களைப் போன்ற பல வீடுகளில் பையன் நடக்கும் வருடங்களை இழந்தது கோடி ரூபாய் இல்லாததால் அல்ல, சி.பி.கே. என்ற சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனை ஒன்றை உரிய காலத்தில் யாரும் எழுதிக் கொடுக்காததால்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "அந்த ஊசி போட்டா சரியாயிடுமாமே" என்று கேட்கிறார்கள். அந்த ஊசி எஸ்.எம்.ஏ. என்ற நோய்க்கு. முதுகுத்தண்டிலிருந்து தசையை இயக்கும் நரம்பு செல்கள் அழிந்துகொண்டே போவது அது. கடுமையான வகை என்றால் பிறந்த சில மாதங்களிலேயே கழுத்து நிற்காது, உட்கார முடியாது, மருந்தில்லாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாது. டி.எம்.டி. வேறு. அதில் நரம்பு நன்றாகத்தான் இருக்கும், தசைதான் உள்ளுக்குள் சேதமாகிக்கொண்டே வரும். தசைச் செல்லின் மேலுறையை உள்ளே இருக்கும் இழைகளோடு பிடித்து வைத்திருக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இந்தப் பிள்ளைகளுக்கு உருவாவதில்லை. அதனால் ஓடினால், குதித்தால், படி இறங்கினால்கூட மேலுறை கிழிகிறது, கிழிந்த இடத்தில் நாளடைவில் கொழுப்பும் நாரும் வந்து சேர்கின்றன. ஆண் குழந்தைகளில் சுமார் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. இவை தவிர லிம்ப் கர்டில் (இடுப்பு, தோள் தசைகள் தளரும் வகை), பிறவி மயோபதி, மயஸ்தீனியா என்று இன்னும் நிறைய உண்டு. மயஸ்தீனியா போல சிலவற்றுக்கு நன்றாகவே வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன என்பதால், என்ன நோய் என்று பெயர் தெரிவதே பாதி வைத்தியம்.

டி.எம்.டி. பையன்கள் பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருப்பார்கள். ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். மூன்று, நான்கு வயதில் அடிக்கடி விழுவான், குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தால் நடப்பான், கைப்பிடி இல்லாமல் படி ஏற மாட்டான். கெண்டைக்கால் மட்டும் பருத்து உருண்டு நிற்கும், அதைத் தடவிப் பார்த்து, காலைப் பாரு எப்படிக் கட்டையா இருக்கு என்று எங்கள் வீட்டு அப்பத்தா பெருமைப்பட்டார். பலத்தால் வந்த பருமன் இல்லை அது. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது, தரையில் உட்கார்ந்திருக்கும் பையன் எப்படி எழுந்திருக்கிறான் என்பதை. மற்ற பிள்ளைகள் துள்ளி எழும்போது இவன் முதலில் குப்புறத் திரும்புவான், இரண்டு கையையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவான், அப்புறம் ஒரு கையை முழங்காலில் வைப்பான், இன்னொரு கையை இன்னொரு முழங்காலில் வைப்பான், பிறகு தொடையில் கைகளை மேலே மேலே நகர்த்தித் தன் உடம்பைப் பிடித்துத் தானே ஏறுவது மாதிரி நிமிர்வான். மருத்துவப் புத்தகங்களில் இதற்கு கோவர்ஸ் அறிகுறி என்று பெயர். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் எழும்போது பின்வரிசையில் நின்று பார்த்தால் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

அப்படி ஒரு பையனைக் கண்டால் எடுக்க வேண்டியது சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை. சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டிய அளவு இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று வரும், ஏனென்றால் கிழிந்த தசையிலிருந்து அந்த நொதி ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கிறது. தாலுகா ஊர் லேபிலும் இதை எடுக்கிறார்கள். ஆனால் இதற்கு முன் வேறொரு பரிசோதனைதான் முதலில் எடுக்கப்படுகிறது, அங்கேதான் எங்கள் கதை திசை மாறியது. காய்ச்சலுக்குப் போன இடத்தில் எடுத்த ரத்தத்தில் கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் பல மடங்கு இருந்தன. உடனே கல்லீரல் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேன், மஞ்சள் காமாலைக்கான பரிசோதனைகள், கல்லீரல் டானிக்குகள், எண்ணெய் இல்லாத சாப்பாடு, போதாததற்கு உறவினர்கள் சொன்ன கீழாநெல்லி என்று மாதக்கணக்கில் ஓடியது. பையன் விழுவதைச் சொன்னபோது "சத்துக் குறைவு" என்று கால்சியம் சிரப் எழுதினார்கள். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கின்றன, தசை சிதைந்தாலும் ஏறும், ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் பரிசோதனை சரியாக இருந்தால் பிரச்சினை தசையில் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும் என்பதெல்லாம் ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவர் பிறகு பொறுமையாக விளக்கித்தான் எங்களுக்குத் தெரியும். இதே கதையை நான் சந்தித்த வேறு பெற்றோர்களும் சொல்கிறார்கள். சிலருடைய பிள்ளைகளுக்குக் கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது வரை போயிருக்கிறது.

சரி, சீக்கிரம் கண்டுபிடித்து மட்டும் என்ன ஆகப்போகிறது, முழுக்கக் குணமாக்க முடியாதே என்று கேட்பவர்கள் உண்டு. முழுக்கக் குணமாக்க முடியாதுதான். ஆனால் நடை தளர்ந்து போவதற்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கினால் பையன் இரண்டு மூன்று வருடம் கூடுதலாகச் சொந்தக் காலில் நடக்கிறான், முதுகு கோணுவது குறைகிறது, மூச்சுத் தசை நீண்ட காலம் தாங்குகிறது. பிரெட்னிசோலோன், டெஃப்லாசகார்ட் என்ற சாதாரண மாத்திரைகள்தான். இரண்டு மூன்று வருட நடை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். தானாகக் கழிப்பறைக்குப் போய்வரும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அம்மாவின் இடுப்புக்கும் அது என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஸ்டீராய்டுக்குப் பக்க விளைவு உண்டு, மறைக்கவில்லை. கன்னம் உப்பும், பசி தாங்காது, எடை ஏறும், உயரம் குறையும், எலும்பு மெலியும். அதனால் வைட்டமின் டி, கண் பரிசோதனை, சாப்பாட்டில் கட்டுப்பாடு எல்லாம் கூடவே போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் "ஸ்டீராய்டா, அய்யய்யோ" என்று சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை அதற்குள் நிறுத்தியிருக்கும், திடீரென்று மாத்திரையும் நின்றால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே வந்து முடியும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறக்கக் கூடாது, வாந்திபேதி வந்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய் ஸ்டீராய்டு எடுப்பவன் என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

அதே போல எந்த அறுவை சிகிச்சை என்றாலும், அது குடலிறக்கமாகட்டும் கை எலும்பு முறிவாகட்டும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் தசைச் சிதைவு நோய் என்று சொல்லியே ஆக வேண்டும். சக்சினில்கோலின் என்ற மருந்தைக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். இதயமும் தசைதான் என்பதால் நோய் தெரிந்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு எக்கோ என்ற இதய ஸ்கேன் வேண்டும், எக்கோ நன்றாக இருந்தாலும் 10 வயதுக்குள் எனலாப்ரில் போன்ற ஒரு மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நமக்கு பி.பி. மாத்திரையாகத் தெரிந்ததுதான் அது. வளர்ந்த பையன் காலையில் தலைவலியோடு எழுந்தால், பகலில் தூங்கி வழிந்தால், இரவில் மூச்சு போதவில்லை என்று அர்த்தம், முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி தேவைப்படும் நேரம் அது. முன்பெல்லாம் பதின்வயதின் கடைசியோடு முடிந்துபோன வாழ்க்கை, இதயத்தையும் மூச்சையும் இப்படிக் கவனித்துக்கொண்ட இடங்களில் முப்பது வயது வரை, அதைத் தாண்டியும் போகிறது. பிசியோவும் அப்படித்தான், தினமும் சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது குதிகால் தசைநாரை இழுத்துவிடுவது, இரவில் பாதத்துக்குப் பட்டை மாட்டுவது, அவ்வளவுதான். பலம் வரட்டும் என்று தண்டால் எடுக்க வைப்பதும் மாடிப்படி ஏறி இறங்க வைப்பதும் தசையை இன்னும் வேகமாகக் கெடுக்கும். இதைச் சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் மாதம் ஒருமுறை வந்தாலே போதும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகிறார்களே, அவர்களுக்கு இந்த நோய் பற்றி ஒரு பயிற்சி கொடுத்தால் முடிந்தது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். நோயின் பெயர் தெரிந்த அன்றே பல வீடுகளில் பழி விழுவது அம்மா தலையில். தாய்வழி நோய் என்று டாக்டர் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுச் சீக்கு எங்க வம்சத்துக்கு வந்துருச்சு" என்று மாமியார் வீட்டில் பேசுகிறார்கள். பெண்ணை அம்மா வீட்டுக்கே அனுப்பி வைத்துவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். டி.எம்.டி. பையன்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அம்மாவிடம் அந்த மரபணுக் குறை இருப்பதே இல்லை, புதிதாக அந்தக் குழந்தையில்தான் உண்டாகிறது. மற்ற இரண்டு பங்கில் அம்மாவின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் குறை இருக்கிறது, அவருக்கே தெரியாமல். இதில் குற்றம் எங்கே வந்தது? இன்னொரு பேச்சு, சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பது. டி.எம்.டி.க்கும் மாமன் மகள், அத்தை மகன் திருமணத்துக்கும் சம்பந்தம் இல்லை, அப்பாவின் பங்கே அதில் கிடையாது. ஆனால் எஸ்.எம்.ஏ.வுக்கும் லிம்ப் கர்டில் வகைகள் பலவற்றுக்கும் சம்பந்தம் உண்டு. அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே குறை மறைந்திருக்க வேண்டும், அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட அப்பா அம்மாவுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

பழி சொல்வதற்காக அல்ல, அடுத்த குழந்தைக்காகவும் அம்மாவின் அக்கா தங்கைகளுக்காகவும்தான் மரபணுப் பரிசோதனை வேண்டும். எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனையிலேயே பத்தில் ஏழு டி.எம்.டி. பையன்களுக்குக் குறை எங்கே என்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு அடுத்த கட்டப் பரிசோதனை தேவைப்படும். தசையை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இப்போது அநேகமாக இல்லை. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற அமைப்பு இந்த நோய்க்காகவே பல வருடங்களாகப் பரிசோதனையும் ஆலோசனையும் செய்துவருகிறது, வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் துறை இருக்கிறது. அக்காவின் பையனுக்கு நோய் இருப்பது தெரிந்த ஒரு பெண் கர்ப்பமானவுடனே சொன்னால், மூன்றாவது மாதத்தில் கருவைப் பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். சொல்லாமல் மறைப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பையன்கள். குறையைத் தாங்கும் அம்மாக்களில் சிலருக்கு இதயம் பலவீனமாகும் என்பதால் அவர்களுக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை எக்கோ தேவை, அம்மாக்களை யாரும் பார்ப்பதே இல்லை.

அரசு செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், பெரிய புதிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. போலியோவுக்கு நாம் என்ன செய்கிறோம்? 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் தொய்ந்தால், அது போலியோவே இல்லை என்று தெரிந்திருந்தாலும், தகவல் சொல்லியாக வேண்டும், 14 நாட்களுக்குள் இரண்டு முறை மலம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஆனாலும் இன்றுவரை அந்தக் கண்காணிப்பு நிற்கவில்லை. திடீரென்று வரும் தளர்ச்சியை இவ்வளவு கவனமாகத் தேடும் நம் சுகாதாரத் துறை, மெல்ல மெல்ல வரும் தளர்ச்சியையும் தேடலாம். குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. வண்டியில் அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வருகிறது. பல், கண், தோல் பார்க்கும் அதே குழு ஒவ்வொரு குழந்தையையும் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. சந்தேகம் இருந்தால் சி.பி.கே., ஏறியிருந்தால் மாவட்டத்தில் குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் டி.இ.ஐ.சி. மையத்துக்கு அனுப்ப வேண்டும். காரணம் தெரியாமல் எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கும் எந்தக் குழந்தைக்கும் கல்லீரல் மருந்து எழுதுவதற்கு முன் சி.பி.கே. பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள், இதயம், நுரையீரல், எலும்பு, பிசியோ நான்கையும் ஒரே நாளில் பார்க்கும்படி வைத்தால், சக்கர நாற்காலிப் பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கும் பாடு மிச்சமாகும்.

எஸ்.எம்.ஏ. பிள்ளைகளுக்கும் நிலைமை மாறிவிட்டது, ஆனால் செய்தி இன்னும் 16 கோடியிலேயே நிற்கிறது. ரிஸ்டிப்லாம் என்று வாயில் கொடுக்கும் மருந்து ஒன்று 2021-இல் இந்தியாவுக்கு வந்தது, பாட்டில் சுமார் 6 லட்சம். காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்ததும், ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்கு அறிவித்தது, அதே மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைக்கு ஒரு பாட்டில் 12 நாளைக்கு வரும், வருடத்துக்குச் சுமார் 30 பாட்டில், அதாவது 5 லட்சத்துக்குள். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று 2022-இல் உயர்த்தினார்கள். பழைய விலையில் சில மாதங்களில் தீர்ந்துபோன அந்தத் தொகை, இப்போது பத்து வருடம் வரும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் குறையலாம், பக்கத்தில் கேரளத்தில் அரசே எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. நம் அரசும் கொடுக்க வேண்டும்.

டி.எம்.டி.க்கு அமெரிக்காவில் 2023-இல் ஒரு மரபணு ஊசி அனுமதிக்கப்பட்டது, விலை 32 லட்சம் டாலர். நடை நின்றுபோன இரண்டு பையன்கள் அதைப் போட்டபின் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2025-இல் வந்தது. ஆராய்ச்சி நடக்கட்டும், நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அதற்காக நிலத்தை விற்கக் கூடாது. அதைவிட மோசம், பெருநகரங்களில் ஸ்டெம் செல் போட்டு நடக்க வைக்கிறோம் என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் வாங்குவது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி தசைச் சிதைவுக்கு ஸ்டெம் செல் என்பது ஆராய்ச்சி மட்டுமே, சிகிச்சை அல்ல, ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. தாலிக்கொடியை அடகு வைத்து அங்கே போய்வந்த பெற்றோர்களை எனக்குத் தெரியும், ஒரு பையனும் எழுந்து நடக்கவில்லை.

தசைச் சிதைவு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட 21 வகைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி உண்டு, பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலும் சொல்வதை எழுதுபவரும் உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாமல் இருப்பவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். தலைமையாசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், அந்தப் பையனின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். வேறு செலவே இல்லை, இரண்டு பிரிவுகள் அறை மாற்றிக்கொண்டால் முடிகிற காரியம். மாடியில் வகுப்பு என்பதற்காகவே எட்டாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் நாளிதழுக்கு எல்லா மாவட்டத்திலும் பதிப்பு இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில், தரையிலிருந்து அந்தப் பையன் எழுந்திருக்கும் விதத்தை நான்கு படமாக வரைந்து, கீழே சி.பி.கே. என்ற மூன்று எழுத்தையும் போட்டு, கல்விப் பக்கத்தில் ஒரு முறை வெளியிடுங்கள். ஆசிரியர் ஓய்வறையிலும் அங்கன்வாடிச் சுவரிலும் வெட்டி ஒட்டுகிற அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு டி.எம்.டி. பையனின் தகப்பன்,
ஈரோடு மாவட்டம்.